சித்திரக்கதை ஆக்குவார்க்கு ஓராண்டுத் திட்டம்

ஒரு முயற்சியைத் தொடங்குதல் எளிது. இடையறாது நடத்துதல் அரிது. நிறைவேற்றுதல் அதனினும் அரிது. கதையும் ஓவியமும் ஒருங்கே வேண்டப்படும் சித்திரக்கதைக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். எமது கல்லூரியில் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும், கணக்குக் கொப்பியின் கடைசித் தாள்களிற் கட்டம் கட்டி, வீரரையும் விலங்கையும் வரைந்து, வாயருகே குமிழியிட்டு உரையாடல் எழுதும் மாணவர் இருவர் மூவரேனும் உளர். இவருட் பலர் நான்காம் பக்கத்திற்கு அப்பாற் செல்வதில்லை. மனத்திலோ நூறு அத்தியாயங் கொண்ட பெருங்கதை இருக்கும். மனத்திலுள்ள கதைக்கும் கொப்பியிலுள்ள பக்கங்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கும் வழி பற்றி இவ்விழா மலரிற் சில கூற விழைகின்றோம்.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. தாமே எழுதி, தாமே வரைந்து, தம் பொறுப்பிலேயே வெளியிட விரும்பும் இளைஞர் முதலாண்டிற் கருதவேண்டியது பெருங்கதையன்று. 24 பக்கங் கொண்ட, முற்றுப்பெற்ற ஒரு சிறுநூலேயாம். அச்சிறுநூலை முடிப்பதற்கு ஓராண்டு முழுவதையும் முன்கூட்டியே பகுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

தம் பொறுப்பில் வெளியிடுதல் எதற்கு என்று சிலர் வினவலாம். சூப்பர்மான் என்னும் பாத்திரத்தைப் படைத்த ஜெறி சீகல், ஜோ ஷஸ்ரர் என்னும் இளைஞர் இருவரும் 1938 ஆம் ஆண்டில் அதன் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தனர். அப்பாத்திரம் பின்னர் ஈட்டிய பெரும்பொருள் பிறரைச் சென்றடைந்தது. எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கம் தோன்றிய பொழுதே உரிமையும் ஆக்கியோனைச் சேர்கின்றது. அதற்குப் பதிவு வேண்டியதில்லை. அவன் வாழ்நாளின் பின்னும் அவ்வுரிமை 70 ஆண்டு நிலைக்கின்றது. இவ்வுடைமையைக் கைவிடாது காப்பதே தனித்து வெளியிடுவோன் பெறும் பயன். ஆயின் அவன் ஏற்கும் சுமையும் பெரிது. பதிப்பகத்திற்கு வரைபவனுக்கு நாட் குறித்துக் கேட்கும் பதிப்பாசிரியர் ஒருவர் உளர். தனித்து நிற்பவனைக் கேட்பார் எவருமிலர். ஆதலின் அவன் வகுத்துக்கொள்ளும் திட்டமே அவனுக்குப் பதிப்பாசிரியராகும்.

எமக்கு இஃது அறியாத வழியுமன்று. 'சுந்தர்' என்னும் பெயரிற் கேலிச்சித்திரம் வரைந்த சி. சிவஞானசுந்தரம் அவர்கள் 1960களிற் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கித் தாமே ஆசிரியராயும் ஓவியராயும் இருந்து பல்லாண்டு நடத்தினார். அவருடைய சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் எமது மூத்த பழைய மாணவர் இன்றும் நினைந்து நகைப்பர். அந்நகைப்பின் பின்னே, இதழ்தோறும் குறித்த நாளில் அச்சகத்திற்கு ஒப்படைத்தே தீரவேண்டிய ஓவியனின் உழைப்பு இருந்தது என்பதனை மறத்தலாகாது.

திருவள்ளுவர் அரசியலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு வகுத்த அம்முறை தூரிகை பிடிப்பார்க்கும் பொருந்துவதே.

முதலாவது வலியறிதல். பெரியோர் எத்துணை விரைவாக வரைந்தனர் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஓவியர் ஜெஃப் ஸ்மித் 'போன்' என்னும் சித்திரக்கதையை 1991 இல் தம் சொந்தப் பதிப்பகத்தின் வழியே வெளியிடத் தொடங்கி, 2004 இல் 55 ஆம் இதழோடு முடித்தார். எல்லாம் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டபோது 1,300 பக்கங்களுக்கு மேலாயிற்று. 13 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 பக்கம், அஃதாவது வாரத்திற்கு இரண்டு பக்கம் ஆகும். வணிகப் பொறுப்பினைத் துணைவியார் விஜயா ஐயர் ஏற்றுக்கொள்ள, வரைதலையே தொழிலாகக் கொண்டவர் கண்ட அளவு இது. இன்னொருவர் ஆர்ட் ஸ்பீகல்மன். யூதப் படுகொலையினின்று உயிர்தப்பிய தம் தந்தையாரின் வரலாற்றை 'மௌஸ்' என்னும் சித்திரக்கதையாக்கும் பெரும்பணியை அவர் 1978 இல் மேற்கொண்டார். தாமும் மனைவியாரும் நடத்திய இதழில் 1980 முதல் அதனை அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, 1991 இல் இரண்டாம் பாகத்தோடு நிறைவு செய்தார். 1992 இற் புலிற்சர் சிறப்புப் பரிசு பெற்ற அந்நூல் 300 பக்கத்திற்கு உட்பட்டது. ஆண்டொன்றுக்கு 23 பக்கமளவே வருகின்றது! இதற்கெல்லாம் முன்னர், 1972 இல், அவர் அப்பொருள் பற்றி மூன்றே பக்கத்தில் ஒரு சிறுகதை வரைந்து பார்த்தார் என்பதும் எமது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆகவே, பகலிற் படிப்போ வேலையோ உடைய ஓர் இளைஞர் வாரத்திற்கு ஒரு பக்கம் வரைவாராயின் அது குறைவன்று. தம் கையின் வலியை ஊகித்தறிதல் போதாது, அளந்தறிதல் வேண்டும். முதல் மாதத்திலேயே ஒரு பக்கத்தைப் பென்சிற் கோடு முதல் மை உலரும் வரை வரைந்து, சென்ற மணித்தியாலங்களைக் குறித்து வைக்க. பக்கத்திற்குப் பத்து மணித்தியாலம் வேண்டியிருக்க, வாரத்தில் ஆறு மணித்தியாலமே ஓய்வு கிடைக்குமாயின், நூலைப் பதினாறு பக்கமாகச் சுருக்குக. உறக்கத்தைச் சுருக்கற்க.

இரண்டாவது காலமறிதல். ஆண்டிற்கு 52 வாரம். அவற்றை யாம் இவ்வாறு பகுப்போம். தையில் தொடங்கி முதல் 8 வாரம் கதைக்கும் உரையாடலுக்கும் உரியவை. அடுத்த 4 வாரம், 24 பக்கங்களையும் உள்ளங்கை அளவிற் சிறிதாக வரைந்து, எந்தப் பக்கத்தில் எது நிகழும் என்று துணிதற்கு. அதன்பின் 24 வாரம், வாரம் ஒரு பக்கமாக வரைதற்கு. அடுத்த 4 வாரம் எழுத்துப் பொறித்தற்கும் பிழை திருத்தற்கும் அட்டைக்கும். இறுதி 4 வாரம் அச்சிற்கும் விற்பனைக்கும். இவை 44 வாரம். எஞ்சிய 8 வாரத்தையும் காலாண்டுக்கு இரண்டாக வெறுமையாக விட்டு வைக்க. காய்ச்சல் வரும், இனத்தவர் வீட்டுத் திருமணம் வரும், நல்லூர்த் திருவிழா வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் மின்சாரம் நிற்கும். இவற்றிற்கு இடம் வையாத திட்டம் முதற் காய்ச்சலோடு முறிந்துபோம்.

இவ்விடத்து ஆசிரியர் என்ற முறையில் ஒன்று வற்புறுத்துவோம். உயர்தரப் பரீட்சை எழுதும் ஆண்டில் இத்திட்டத்தை எவரும் மேற்கொள்ளற்க. அவ்வாண்டிற்கு நான்கு பக்கக் கதை ஒன்று போதும். கையும் பழக்கம் மறவாது. பெற்றோர்க்கும் கவலை வாராது.

கதையெழுதும் எட்டு வாரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் விகுதியும் உருபும் ஏற்று நீள்வன. ஆங்கிலச் சித்திரக்கதையிற் கண்ட அளவிலேயே குமிழியை வரைந்துவிட்டு, பின்னர் அதனுள்ளே தமிழை நெருக்கித் திணித்தல் கூடாது. உரையாடலை முதலில் எழுதி, எழுத்து நிற்கும் இடத்தை ஒதுக்கிய பின்னரே உருவங்களை வரைதல் வேண்டும். பாத்திரங்கள் பேச்சு வழக்கிற் பேசலாமோ எனின், பேசலாம் என்பதே எமது துணிபு. கட்டத்தின் மேல் எழுதும் கதைக்கூற்று செந்தமிழாகுக. குமிழிக்குள் அப்பு அப்புவைப் போலவும் ஆச்சி ஆச்சியைப் போலவும் பேசுக. தமிழாசிரியர் சிவப்பு மையோடு குமிழிக்குட் புகுதல் வேண்டா.

மூன்றாவது இடனறிதல். நடுவிற் கம்பி தைக்கும் சிறுநூலின் பக்கங்கள் நான்கின் மடங்காக அமைதல் வேண்டும். 24 என்று யாம் குறித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வண்ணம் முதலாண்டிற்கு வேண்டா. கறுப்பு மையே சாலும். அச்சுக் கூலியை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறையும் அச்சிற்குக் கொடுக்குமுன் ஒரு முறையும் கேட்டறிக. 2022 ஆம் ஆண்டிற் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்துப் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன என்பதை நாம் மறந்திலோம். நூறு படிகளுக்கு மேல் அச்சிடற்க. மொத்தச் செலவை எழுபதால் வகுத்து விலை குறிக்க. முப்பது படிகள் அன்பளிப்பாகவும் விலைபோகாமலும் கழியும். ஒவ்வொரு படி கல்லூரி நூலகத்திற்கும் ஊர் நூலகத்திற்கும் செல்லல் வேண்டும்.

கடன் பெற்று அச்சிட்டுப் பெருஞ்செல்வராயினார் உளரே என்பார் சிலர். உண்மை. கெவின் ஈஸ்ட்மன், பீற்றர் லேயர்ட் என்னும் இருவர் 1984 இல், மீளப்பெற்ற வரிப்பணத்தோடு மாமன் ஒருவர் தந்த கடனையும் சேர்த்து, 'நிஞ்ஜா ஆமைகள்' கதையின் முதலிதழை ஏறக்குறைய 3,000 படிகள் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டனர். உலகப் புகழும் பெற்றனர். ஆயின் அவரைக் கண்டு மற்றும் பலர் அவ்வாறே அச்சிட்டுக் குவித்ததனால், 1987 அளவிற் சந்தை சரிந்து சிறு பதிப்பகங்கள் பல மூடுண்டன. வென்றார் இருவரின் கதையே எம் செவிக்கு எட்டுகின்றது. கூட்டாகச் செய்தலே இதனினும் நல்வழி. பிரான்சில் 1990 இல் ஓவியர் எழுவர் சேர்ந்து தமக்கென ஒரு பதிப்பகம் அமைத்தனர். ஈரானியப் பெண்மணியான மாஜான் சத்ராபியின் 'பேர்செப்பொலிஸ்' 2000 முதல் 2003 வரை, ஆண்டுக்கு ஒரு பாகமாக, நான்கு பாகங்களில் அங்கேதான் வெளிவந்தது. ஒரே வகுப்பில் வரைபவர் மூவர் இருப்பின், ஒருவர் பக்கத்தை மற்றவர் மாதந்தோறும் பார்த்துக் குறை கூறும் அமைப்பாவது ஏற்படுதல் வேண்டும்.

கலை உள்ளக்கிளர்ச்சியிற் பிறப்பது, அதனை நேரசூசியில் அடைக்கலாமோ என்று வினவுவாரும் உளர். நாதசுர வித்துவான் விடியற்காலையிற் சாதகம் செய்கின்றார். அதனால் அவர் இரவில் வாசிக்கும் இராகம் உயிரற்றுப் போவதில்லை. கிளர்ச்சி எந்நாள் வரும் என்பது எவர்க்கும் தெரியாது. அது வரும் நாளிற் கையும் மையும் ஆயத்தமாயிருத்தலே திட்டத்தின் பயன்.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்கிற்காகவோ எனின், அன்று. 2019 ஆம் ஆண்டில் 'வன்னி' என்னும் ஆங்கிலச் சித்திரநூல் வெளிவந்தது. ஐக்கிய நாடுகள் பணியாளராக வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்த அந்நூல் எமது மக்களின் இடப்பெயர்வையும் இழப்பையும் உலகிற்குக் காட்டிற்று. பிற நாட்டார் இருவர் அத்துணை அக்கறையோடு அதனைச் செய்தமைக்கு நாம் நன்றியுடையேம். ஆயினும் அவ்வாழ்வை வாழ்ந்தவரின் பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கின்றனர். அம்மம்மாவின் சமையற்கட்டும், மூடிக்கிடக்கும் வீட்டின் கிணறும், இரண்டாம் முறை நட்ட தென்னம்பிள்ளையும் எவ்வாறிருக்கும் என்பது அவர் கண் அறிந்தது. அவர் வரையாவிடின் அவை வரையப்படா. கண்டவர் மறைந்தபின் கேட்டு வரைதலும் இயலாது. எமக்கு அவசரம் இருப்பது இதனாலேயே.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஆசிரியர்களே, கொப்பியின் கடைசித் தாளிற் படத்தைக் கண்டாற் கிழித்தெறியாது, இக்கதையின் முடிவு யாது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பழைய மாணவ அன்பர்காள், கட்டடங்களுக்கு வழங்கும் நன்கொடையிற் சிறு பங்கை ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு மாணவ நூலின் முதல் ஐம்பது படிகளை விலை கொடுத்தே வாங்குங்கள், இலவசமாகக் கேளாதீர்கள். விலை கொடுக்கும் வாசகர் உண்டென்று தெரிந்தால் வரைபவன் குறித்த நாளைத் தவறவிடான். மாணவச் செல்வங்களே, நூறு அத்தியாயக் கதையை மனத்தில் வைத்திருங்கள். அதற்கும் ஒரு காலம் வரும். இவ்வாண்டிற்கு 24 பக்கங்களை முடித்துக் கல்லூரி நூலகத்திற் கொண்டுவந்து வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவற்றை வாசிக்கக் காத்திருக்கின்றோம்.