மூடிய தேவாலயங்களும் எமது ஊர் மானமும்



எமது வட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ அடிக்கடி சுற்றுகிறது. ஐரோப்பாவில் தேவாலயங்கள் மூடப்படுகின்றன, பள்ளிவாசல்களாக மாறுகின்றன என்று. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். அப்படி மாறியதும் உண்டு. லண்டன் பிரிக் லேன் பள்ளிவாசல் 1743 இல் கிறிஸ்தவ ஆலயமாகக் கட்டப்பட்டு, இடையில் யூதர்களின் வணக்கத்தலமாக இருந்து, 1976 இல் பள்ளிவாசலானது. ஆனால் 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்றோர் 46.2 வீதம், மதமே இல்லை என்றோர் 37.2 வீதம், முஸ்லிம்கள் 6.5 வீதம். தேவாலயத்தை விட்டவர்களில் பெரும்பாலானோர் எமது பக்கம் வரவில்லை. அவர்கள் படைத்தவனைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள். இதில் நாம் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

அயர்லாந்தைப் பார்ப்போம். எமக்கு அதில்தான் பாடம் அதிகம். 1970களின் தொடக்கத்தில் அங்கே கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் ஞாயிறு தோறும் பூசைக்குப் போனார்கள். பாடசாலை, ஆஸ்பத்திரி, சட்டம் எல்லாவற்றிலும் திருச்சபையின் சொல்தான். அந்தப் பிடிப்புக்குக் காரணம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட சமூகம். 1829 வரை பாராளுமன்றத்தில் உட்காரக்கூட முடியாது. அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கவசமாக நின்றது திருச்சபை. அதனால் அதன் குறையைப் பேசுவது எதிரிக்கு உதவுவது போல ஆகிவிட்டது. துறவியர் நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் அடிபட்டார்கள், அதைவிட மோசமானதும் நடந்தது. பலருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

2009 இல் இரண்டு விசாரணை அறிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. குற்றம் செய்த சில பாதிரிமாரைவிட, பெயர் கெட்டுவிடும் என்று அதை மூடிய மேலிடம்தான் மக்களைக் கசக்க வைத்தது. தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்தோர் 2016 இல் 79 வீதம், 2022 இல் 69 வீதம். ஆறே வருடத்தில் பத்து வீதம்! நாத்திகர்கள் வந்து எவரையும் இழுத்துப் போகவில்லை.

மாத்தளையில் இருந்துகொண்டு அயர்லாந்து எமக்கு எதற்கு என்று கேட்கலாம்.

எமக்கும் கவசம் தேவைப்பட்ட காலம் இது. 2012 ஏப்ரலில் எமது மாவட்டத்திலேயே தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2018 இல் பக்கத்தில் திகன. 2019 க்குப் பிறகு நாம் பட்டது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 இல் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்க அனுமதி கிடைக்க 2021 பெப்ரவரி ஆனது. இப்படி அடிபட்ட சமூகம் உள்வீட்டுக் குறையைப் பேசப் பயப்படுவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது யார்?

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது கிடையாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தையும் காதியார் அனுமதித்தால் பதியலாம். மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதே இல்லை. மற்றச் சமூகங்களுக்கு 1995 முதல் 18 வயது. இதை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைத்து, அறிக்கை 2018 இல் கைக்கு வந்தது. அதன் பிறகும் இழுபறி. சீர்திருத்தம் கேட்ட எமது பெண்களுக்கு என்ஜீஓ கைக்கூலி என்று பட்டம். கேட்டவர்களில் ஐவேளை தொழுகிறவர்கள் எத்தனை பேர் என்று பட்டம் கொடுத்தவர்கள் பார்க்கவில்லை.

ஆசிரியர்களாகிய எமக்கு இது வரவு இடாப்பில் தெரியும். தரம் பத்தில், பதினொன்றில் ஒரு பிள்ளை வராமல் நின்றுவிடும். விசாரித்தால் "கலியாணம் பேசியாச்சு டீச்சர்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் ஊர் விசயத்தில் தலையிடுகிறோமாம். மத்ரஸாவில் ஒரு பிள்ளைக்குத் தழும்பு விழும்படி அடித்தாலும் இதே பதில்தான்: பள்ளி நிர்வாகம் பேசித் தீர்த்துவிட்டது, வெளியே கொண்டு போக வேண்டாம், ஊர் மானம்.

கூட இருந்த பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. சாதாரண தரத்தில் இஸ்லாம் பாடத்துக்கு ஏ எடுக்கிற பிள்ளை, அஹதிய்யாவில் ஒழுங்காக ஓதுகிற பிள்ளை, நீதி என்று நாம் படிப்பித்ததை ஊரில் தேடுகிறது. கேள்வி கேட்டால் "ஈமான் குறைவு" என்று வாயை அடைக்கிறோம். வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போன பிறகு அந்தப் பிள்ளை திரும்பிக் கேட்காது. தொழுகையோடு சேர்த்து எம்மையும் விட்டுவிடும்.

நிர்வாக சபைகளிடம் எமது வேண்டுகோள் பெரிதல்ல. நிக்காஹ் பேசி வருகிறபோது பிள்ளையின் வயதைக் கேளுங்கள். 18 ஆகவில்லை என்றால் பள்ளியில் நடத்த மாட்டோம் என்று சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. சம்மதத்தைப் பிள்ளையின் வாயாலேயே கேட்டு, கையொப்பமும் வாங்குங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை மத்ரஸாச் சுவரிலும், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ஒட்டிவிடுங்கள்.