பாண்ட் ஸா வாங்கப் போகிறீர்களா?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். ஊரே அருவிக்குப் போகும்போது, கொல்லைப்புறக் கொட்டகையில் உளியும் இழைப்புளியுமாக உட்கார்ந்திருக்கிற சில பேரும் உண்டு. இந்த வாரம் அவர்களுக்காக.

கைவாள் இழுத்துத் தோள் வலி கண்டவர்களுக்கெல்லாம் ஒரு மெஷின் ஆசை வருகிறது. வட்ட ரம்பமா, பாண்ட் ஸாவா? வீட்டுப் பட்டறைக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். வட்ட ரம்பம் ஒரு அறுப்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். இரண்டு சக்கரங்களின் மேல் ஓடும் மெல்லிய எஃகு நாடாவோ 1 மில்லிமீட்டர்தான் தின்னும். ஏழு அறுப்புக்கு 14 மில்லிமீட்டர் மிச்சம்; அதாவது முழுசாக ஓர் அரை அங்குலப் பலகை! தேக்கு விற்கிற விலையில் இது சின்ன விஷயமா? மரத்தை ஆள் மேலேயே திருப்பி எறியும் கெட்ட குணமும் இதற்கு இல்லை. விரல்களை மட்டும் இதனிடமும் நம்பி விடாதீர்கள்.

கடைக்காரர் குதிரைச் சக்தியைப் பற்றியே பேசுவார். நீங்கள் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். நாடாவை முறுக்கேற்றும்போது சட்டம் வளைந்து கொடுத்தால் அறுப்பு கோணும். 14 அங்குலச் சக்கரமும் 1 குதிரைச் சக்தி மோட்டாரும் வீட்டுக்குத் தாராளம். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தள்ளாடினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

நாடாவின் ஒட்டையும் தடவிப் பாருங்கள். 1809-லேயே இங்கிலாந்தில் நியூபெரி என்பவர் இந்த ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்; முனைகளை உறுதியாக இணைக்க வழி தெரியாமல் யோசனை தூங்கியது. 1846-ல் பிரான்சில் கிரெபின் என்ற பெண்மணி வழி கண்டார். (ஆசாரிமார் கவனிக்க!) ஒட்டு தடித்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்கென்று இடிக்கும். வளைவுகளுக்குக் கால் அங்குல நாடா. பலகை பிளக்க அரை அங்குலம், அங்குலத்துக்கு மூன்று பல். பல் நெருங்கினால் தூள் அடைத்து, நாடா சூடேறி வழி தப்பும்.

சாரல் காற்று மேஜையைத் துருப்பிடிக்க வைக்கும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, முறுக்கைத் தளர்த்தி, மேஜைக்கு மெழுகு தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், மரத்தில் கறை படியும்.

முழு மரத்தை வீட்டு மெஷினில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மில்லில் சட்டமாக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாம் இருப்பதோ மலையடிவாரம். காடுகளுக்குள் மத்திய அரசின் அனுமதியில்லாமல் மரம் அறுக்கும் மில் நடக்கக்கூடாது என்று 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மரத் தொழில் நெறிமுறைகளில் பாண்ட் ஸா பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய், உங்கள் கொட்டகைக்கு அனுமதி வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.