தோட்டாவைக் குறை சொல்லாதீங்க சாமி!

"ராஸ் ரைபிள் அருமையான துப்பாக்கிங்க. இங்கிலாந்துக்காரன் மட்டமான தோட்டாவைக் கொடுத்துட்டான், அதான் பேரு கெட்டுப்போச்சு."

முதல் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் இந்த வசனத்தை எடுத்து விட்டுடறாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அடியேன் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது சாப்ட்வேர். ரெண்டு பக்கமும் இதே வசனத்தை வேற வேற ரூபத்துல கேட்கிறவன். அதனால இன்னிக்கு ஆணி பிடுங்கறதை ஓரங்கட்டிட்டு இந்தப் பதிவு.

கதை தெரியாதவங்களுக்கு ஒரு சுருக்கம். சர் சார்லஸ் ராஸ் என்பவர் ஸ்காட்லாந்துப் பிரபு. அவர் வடிவமைச்ச போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைச் செய்து தரச் சொல்லி 1902-ல் கனடா அரசு ஒப்பந்தம் போட்டது. க்யூபெக் நகரத்தில் தொழிற்சாலை. தோட்டா வேற எதுவும் இல்லை, நம்ம ஊர் போலீஸ்காரங்க தோளில் பார்த்துப் பழகின அதே த்ரீ நாட் த்ரீ. பிரிட்டிஷ் படையோட லீ-என்ஃபீல்டு சுட்டதும் இதே தோட்டாதான். ஒரே தோட்டா, ரெண்டு துப்பாக்கி. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்துல ஈப்ர் என்கிற இடம். ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்து விட்டது. பக்கத்து வரிசை கலைஞ்சு ஓட, கனடாவின் முதல் டிவிஷன் நின்னு சண்டை போட்டது. வேகமா சுட்டே ஆகவேண்டிய நேரம். ரெண்டு சுற்று சுட்டதும் ராஸ் ரைபிளின் போல்ட் அசைய மாட்டேங்குது! பூட்ஸ் காலால் உதைச்சும், பள்ளம் தோண்டற கருவியோட கட்டையால் அடிச்சும் போல்ட்டைத் திறந்திருக்காங்க. எதிரி ஓடி வந்துக்கிட்டு இருக்கான், இவங்க கையில இரும்புக் கம்பி. உயிரோட திரும்பின சுமார் 5,000 காலாட்படை வீரர்கள்ல 1,452 பேர் ராஸைத் தூக்கிப் போட்டுட்டு லீ-என்ஃபீல்டை எடுத்துக்கிட்டாங்க. செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய் பக்கத்துல கிடந்த துப்பாக்கி. கொடுத்த ஆயுதத்தைத் தொலைக்கிறது ராணுவத்துல குற்றம். தெரிஞ்சேதான் செஞ்சாங்க.

சரி, என்னதான் ஆச்சு?

தோட்டாவின் பித்தளை உறை, துப்பாக்கிக் குழாயோட பின்பக்கம் இருக்கிற சேம்பருக்குள்ள உட்காருது. சுட்டதும் உள்ளே எழும் அழுத்தத்துல பித்தளை உப்பி சேம்பர் சுவரோடு ஒட்டிக்குது. அழுத்தம் போனதும் லேசா சுருங்குது. அந்த லேசான சுருக்கம்தான் உறை வெளியே வர்றதுக்கான இடைவெளி. ராஸோட சேம்பர் இறுக்கமா, துல்லியமா கடையப்பட்டது. கனடாவிலேயே, டொமினியன் ஆர்செனல் செய்த தோட்டா அதுக்குள்ள கச்சிதமா போய் வந்தது. போர் அவசரத்துல பிரிட்டனில் லட்சக்கணக்கில் அடிச்சுத் தள்ளின தோட்டா அளவுல கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. அது உள்ளே போச்சு, வெளியே வரலை.

"பார்த்தியா, நான் சொல்லலை? தோட்டாதான் மட்டம்!" அப்படின்னு குதிக்காதீங்க. அதே மட்டமான தோட்டா, அதே சேறு, அதே ஈப்ர். லீ-என்ஃபீல்டு சுட்டுக்கிட்டேதான் இருந்தது. தோட்டாவை மாற்றாம துப்பாக்கியை மட்டும் மாத்தினா கோளாறு போயிடுது. ட்ரபிள்ஷூட்டிங்கில் முதல் பாடமே ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்கறதுதான். அந்த 1,452 பேரும் எந்த லேப்புக்கும் போகாம அந்தச் சோதனையைச் செஞ்சு முடிவையும் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க.

"லீ-என்ஃபீல்டு சேம்பர் தொளதொளன்னு இருக்கும், அதெல்லாம் ஒரு தரமா?" என்று கேட்கிற துல்லியப் பிரியர்களுக்கு ஒரு விஷயம். த்ரீ நாட் த்ரீ தோட்டாவோட அடியில் விளிம்பு உண்டு. சேம்பர் வாயில் அந்த விளிம்புதான் தோட்டாவை நிறுத்துது, உடம்பு இல்லை. விளிம்பு உட்கார்ற இடத்தின் ஆழத்தைத்தான் கறாரா பார்க்கணும். லீ-என்ஃபீல்டில் அது புதுசில் 0.064 அங்குலத்திலிருந்து, தேய்ஞ்சு போனால் அதிகபட்சம் 0.074 வரை. அது சரியா இருந்தா, உடம்புப் பக்கம் சேம்பர் கொஞ்சம் தாராளமா இருக்கலாம். உறை கூடுதலா உப்பும், அதனால மறுபடி மருந்து நிரப்பினா அதோட ஆயுசு குறையும். பதுங்கு குழியில உட்கார்ந்துக்கிட்டு எந்தச் சிப்பாய் காலி உறையில மறுபடி மருந்து நிரப்பப் போறான்? கிட்டத்தட்ட இலவசமா கிடைச்ச இடைவெளி அது. ராஸ் அதை வேண்டாம்னுட்டார்.

அதோட விட்டாரா? வேகத்துக்காகக் கைப்பிடியை நேரா இழுத்து நேரா தள்ளுற மாதிரி போல்ட்டை அமைச்சார். ரெண்டு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டா என்ன செய்வோம்? நேரா இழுத்தா வராது, லேசா திருகி இழுப்போம். லீ-என்ஃபீல்டு, மவுசர் ரெண்டிலும் கைப்பிடியைத் தூக்கித் திருப்பும்போதே ஒரு சரிவான பாகம் உறையைக் கொஞ்சம் நெம்பிக் கொடுத்துடும். ராஸில் அந்த நெம்பு பலம் குறைவு. ஒட்டிக்கிற சேம்பர், அதுக்கு மேல நெம்பாத போல்ட்!

இப்ப இன்னொண்ணு. 1915-லேயே சேம்பரை அகலமாக்கிக் கடைஞ்சு கொடுத்தாங்க. முதல் டிவிஷன் ஜூன் மாசம் லீ-என்ஃபீல்டுக்கு மாறிடுச்சு. பின்னாடி வந்த டிவிஷன்கள் திருத்தின ராஸோட போனாங்க. கோளாறு தீர்ந்ததா? இல்லை. 1916 ஜூனில் மவுண்ட் சொரெல் சண்டையிலயும் அதே புகார். ஏன்னா உள்ளே ரெண்டாவது கோளாறு ஒளிஞ்சிருந்தது. போல்ட்டைப் பின்னால இழுக்கும்போது அது ஒரு சின்ன நிறுத்தியில் வந்து மோதும். மோதுறது போல்ட் தலையில இருக்கிற பூட்டு மரையின் ஒரு ஓரத்துல. மோதுற பரப்பு ரொம்பச் சின்னது. ஒட்டிக்கிட்ட போல்ட்டை உதைச்சுத் திறக்கத் திறக்க அந்த மரை ஓரம் நசுங்குது. நசுங்கின மரை அடுத்த தடவை சரியா உள்ளே போகாது. அதனால இன்னும் பலமா அடி. அடிக்க அடிக்க இன்னும் நசுங்கல். முதல் கோளாறு ரெண்டாவதைப் பெத்துப் போட்டுது. முதல் கோளாறைச் சரி செஞ்ச பிறகும் பிள்ளை உயிரோட இருந்தது!

சாப்ட்வேர் மக்களுக்கு இது புரியும். ஒரு பக் சரி பண்ணின பிறகும் அதே மாதிரி கோளாறு வந்தா, "யூசர் சரியா பயன்படுத்தலை"ன்னு டிக்கெட்டை மூடுறவங்களைப் பார்த்திருப்பீங்க.

கனடாவுல அப்படி மூடினவர் ராணுவ அமைச்சர் சாம் ஹ்யூஸ். ராஸுக்கு அப்படி ஒரு பக்தர். களத்தில் இருந்த தளபதி ஆல்டர்சன் 1916 தொடக்கத்துல குறைகளைப் பட்டியல் போட்டு எழுதினார். ஹ்யூஸ் அவர் மேலேயே பாய்ஞ்சார். அந்த மே மாசக் கடைசியில் ஆல்டர்சன் பதவி போச்சு. அதே வருஷம் ஹெய்க் உத்தரவு போட்டு மீதி டிவிஷன்களுக்கும் லீ-என்ஃபீல்டு வந்தது. நவம்பரில் வேற சண்டைகளும் சேர்ந்து ஹ்யூஸும் வெளியே போனார். உள்ளதைச் சொன்னவருக்குத்தான் முதல்ல சீட்டு கிழிஞ்சுது, பாருங்க.

அதுக்காக ராஸ் ஓட்டைத் துப்பாக்கின்னு நான் சொல்லவே இல்லை. 1911, 1913-ல் இங்கிலாந்தில் பிஸ்லி போட்டிகளில் ராஜா பரிசைத் தட்டிக்கிட்டு வந்தது ராஸ்தான். எல்லாரும் லீ-என்ஃபீல்டுக்கு மாறின பிறகும் ஸ்னைப்பர்கள் ராஸை விடலை. ஸ்னைப்பர் தோட்டாவைப் பொறுக்கி எடுப்பார், துடைச்சு வைப்பார், யோசிச்சு ஒண்ணு சுடுவார். அவருக்கு அது தங்கம். வாயு மூட்டத்துக்கு நடுவுல வேகவேகமா சுடவேண்டியவனுக்கு எமன்.

நாம காலேஜில் 'லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ்'னு ஒரு பாடம் மனப்பாடம் செஞ்சு பத்து மார்க் வாங்கினோமே, அதோட சாரமே இதுதான்: ஷாஃப்ட்டுக்குத் தனியா ஃபிட் கிடையாது, ஹோலுக்கும் தனியா ஃபிட் கிடையாது. ஃபிட்ங்கறது ஜோடிக்கு. ஜோடியில கோளாறுன்னா ஒரு பக்கத்தை மட்டும் கழுவேத்துறது எஞ்சினியரிங் இல்லை, வக்காலத்து. அதுலயும், எதிர்ப்பக்கம் என்ன வரும்னு நம்ம கட்டுப்பாட்டில் இல்லைன்னா, வரக்கூடியதிலேயே மோசமானதுக்கு இடம் விட்டுச் செய்யறது நம்ம பொறுப்பு. போர்னு வந்தா தோட்டா எல்லா நேரமும் சொந்த ஊர்லேருந்தே வராதுன்னு ஊகிக்க ஜோசியம் தெரிஞ்சிருக்கணுமா என்ன?

"என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்றது ஒரு பதில்னு இன்னும் நம்பறவங்க நம்ம தொழிலில் நிறைய பேர். நம்ம கோளாறுக்குப் பெரும்பாலும் ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான். க்யூபெக்கில் கச்சிதமா ஓடினதுக்கு விலை கொடுத்தவங்க யாருன்னு ஈப்ர் கல்லறைகளைக் கேளுங்க.

தோட்டா மட்டம்தான். ஒத்துக்கறேன். மட்டமான தோட்டாவையும் சுடறதுக்குப் பேர்தான் ராணுவத் துப்பாக்கி. மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வாங்க, கும்மியடிக்கலாம். ஆனா மறுபடி அந்த வசனத்தோட மட்டும் வராதீங்க, சொல்லிட்டேன் :-)