ஹிராகுட் அணைக்குப் புது மதகு ஓகே... அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

ஏரிக்குக் கலிங்கு எதுக்குன்னு கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "தண்ணி நெறஞ்சா போக வழி வேணும்ல? இல்லேன்னா கரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடும்" என்பார்கள். ஒடிசாவின் ஹிராகுட் அணையில் இப்போது இருப்பதும் இதே பிரச்சினைதான். சைஸ் மட்டும்தான் வேற.

சம்பல்பூர் பக்கத்தில், மகாநதியின் குறுக்கே நிற்கும் இந்த அணையை 1957-ல் நேரு திறந்து வைத்தார். பக்கக் கரைகளையும் சேர்த்தால் நீளம் 25 கிலோமீட்டருக்கு மேல். 98 மதகுகள். அணை வடிவமைக்கப்பட்டது விநாடிக்குச் சுமார் 15 லட்சம் கனஅடி வெள்ளத்துக்கு. மேட்டூரில் 2 லட்சம் திறந்தாலே நமக்கு பிரேக்கிங் நியூஸ். அப்புறம் என்ன குறைச்சல்னு தோணும்.

ஆனால் அது அன்றைக்குக் கையில் இருந்த மழைத் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு. பிற்பாடு மறுஆய்வு செய்தபோது, அதிகபட்சமாக வரக்கூடிய வெள்ளம் சுமார் 24.5 லட்சம் கனஅடி என்று வந்தது. வருஷா வருஷம் வருகிற வெள்ளம் இல்லை இது. வரவே வராமலும் போகலாம். ஆனாலும் பெரிய அணைகள் அதைத் தாங்கியாக வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. காரணம் சிம்பிள். கான்கிரீட் மேல் தண்ணீர் வழிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மண்கரை மேல் வழிந்தால் கரையே கரைந்துவிடும். ஹிராகுட்டில் பெரும்பகுதி மண்கரைதான்.

குஜராத்தின் மச்சு-2 அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது அதுதான். மதகுகள் தாங்கக்கூடியதைப் போல இரு மடங்குக்கும் மேல் வெள்ளம் வந்தது. மண்கரை உடைந்து, மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். திரும்பக் கட்டும்போது, மதகுகளின் திறனைப் பல மடங்கு கூட்டினார்கள். உயிர் போன பிறகு வந்த ஞானம்.

அதனால் ஹிராகுட்டில் கூடுதல் மதகுகள் கட்டும் திட்டம் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரொம்ப லேட் என்பதுதான் புகார். இந்த அணைக்காக லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை இழந்தார்கள். புது மதகு வரும் இடத்திலும் குடியிருப்புகள் இருந்தன. அவர்களுக்கு முதலில் வீடு கொடுங்கள்.

இன்னொன்றைத்தான் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. புது மதகு காப்பாற்றுவது அணையை. கட்டாக்கைத் தாண்டி டெல்டா பெரிய சேதமில்லாமல் தாங்குவது சுமார் 10 லட்சம் கனஅடிதான். மேலே இருந்து 20 லட்சத்துக்கு மேல் திறந்துவிட்டால்? அணை உடைவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பரவாயில்லை, உண்மைதான். ஆனால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. ஃபைலில் கிடந்தால் அது பேப்பர்தான். எவ்வளவு திறந்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும், எத்தனை மணி நேரம் கைவசம் இருக்கும், எந்த மேட்டுக்குப் போக வேண்டும்... இதெல்லாம் ஒடியா மொழியில், கட்டாக்கில் இருப்பவர் மொபைலில் மழைக்காலத்துக்கு முன்பே இருக்க வேண்டும். மதகுக்கு ஆகும் செலவில் இது ஒரு துளிகூட இல்லை.