கைக்கடிகாரம் டாக்டர் ஆகுமா?

நங்கநல்லூரில் பொழுது விடிவதற்கு முன்பே நடமாட்டம் தொடங்கிவிடும். 32 அடி உயர ஆஞ்சநேயர் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பெரியவர்கள் நடைப்பயிற்சி செய்வார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது.

இப்போது இந்தப் பெரியவர்கள் பலரது கையில் ஒரு பெரிய சதுரக் கடிகாரம் மின்னுகிறது. நடந்து முடித்ததும் கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

மணி பார்க்க அல்ல. "பிரஷர்" பார்க்க! "சர்க்கரை" பார்க்க!

இது நங்கநல்லூரில் மட்டும் நடப்பது அல்ல. ஊர் ஊராக நடக்கிறது. ஆன்லைனில் ரூ.1,500 கொடுத்தால் வீட்டு வாசலுக்கே இந்தக் கடிகாரம் வந்துவிடுகிறது. "ஸ்மார்ட் வாட்ச்" என்று பெயர். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் காட்டும் என்று விளம்பரம் சொல்கிறது.

காட்டுகிறது, உண்மைதான். ஆனால், அளக்கிறதா? அதுதான் கேள்வி.

அசலில் இல்லாதது போலியில்!

2022-ம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் "வாட்ச் அல்ட்ரா" என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. இந்தியாவில் அதன் விலை ரூ.89,900. அது வந்த கொஞ்ச நாளிலேயே அதே வடிவம், அதே ஆரஞ்சு நிறப் பட்டை, அதே "அல்ட்ரா" என்ற பெயருடன் போலிகள் சந்தையில் குவிந்தன. விலை 2 ஆயிரம் ரூபாய்க்கும் கீழே!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 89,900 ரூபாய் அசல் கடிகாரம் ரத்த அழுத்தத்தை எண்ணாகக் காட்டாது. சர்க்கரையையும் காட்டாது. அதைப் பார்த்துச் செய்த 1,500 ரூபாய் போலியோ, இரண்டையும் காட்டுகிறது!

உலகத்தின் பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகளாக முயன்றும் செய்ய முடியாததை, பெயர் தெரியாத ஒரு பட்டறை செய்துவிட்டதா? செய்திருந்தால் அதை 1,500 ரூபாய்க்கு விற்குமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி உண்மை விளங்கிவிடும்.

2025-ம் ஆண்டு ஆப்பிள் ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது. அதுவும் ரத்த அழுத்தத்தை எண்ணாகச் சொல்லாது. 30 நாட்கள் கவனித்து, "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கலாம்" என்று எச்சரிக்கும். அவ்வளவுதான். சாம்சங் கடிகாரங்கள் சிலவற்றில் ரத்த அழுத்தம் பார்க்கலாம். ஆனால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கையில் பட்டை கட்டிப் பார்க்கும் சாதாரணக் கருவியுடன் ஒப்பிட்டு, அதைச் சரிசெய்தாக வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

கடிகாரத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பச்சை வெளிச்சம் தெரியும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை உள்ளது. இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் சற்றுக் கூடுகிறது. உடனே, திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு தெரியும். நல்ல கடிகாரங்கள் இதை ஓரளவு சரியாகவே செய்கின்றன.

ஆக்சிஜனை அளக்கச் சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அயோயாகி என்பவர் 1974-ம் ஆண்டு இந்த வழியைக் கண்டுபிடித்தார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தார்களே, அந்தக் கருவி இந்த வழியில் வந்ததுதான்.

ரத்த அழுத்தம் வேறு விஷயம். கையில் பட்டையைச் சுற்றி, காற்று ஏற்றி, ரத்த ஓட்டத்தை ஒரு நொடி நிறுத்த வேண்டும். பிறகு காற்றை மெல்ல இறக்கி, ரத்தம் எந்த அழுத்தத்தில் மீண்டும் பாய்கிறது என்று பார்க்க வேண்டும். இத்தாலிய டாக்டர் ரிவா ரோச்சி 1896-ம் ஆண்டு இந்தப் பட்டைக் கருவியை உருவாக்கினார். ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் 1905-ம் ஆண்டு, ரத்தம் பாயும் ஓசையைக் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். இன்றும் ஆஸ்பத்திரிகளில் பட்டை கட்டித்தான் பார்க்கிறார்கள்.

மலிவுக் கடிகாரத்தில் பட்டை இல்லை. காற்றும் இல்லை. பிறகு எண் மட்டும் எங்கிருந்து வருகிறது? நாடித்துடிப்பையும், வாங்கியவர் பதிவு செய்த வயதையும் வைத்து ஒரு குத்துமதிப்பு! சிலவற்றில் அதுகூட இல்லை. பச்சை விளக்கு எரியும். திரையில் 118, 122 என்று நம்பும்படியான எண்கள் மாறி மாறி வரும்.

சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறை 2024-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி ஒரு எச்சரிக்கை விடுத்தது. தோலில் ஊசி படாமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும், மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அது சொன்னது. அப்படிப்பட்ட பொருள்களை வாங்கவேண்டாம் என்றும் மக்களைக் கேட்டுக்கொண்டது.

வீட்டிலேயே சோதிக்கலாம்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிகாரம் இருக்கிறதா? சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை.

முதல் சோதனை: கடிகாரத்தை ஒரு வாழைப்பழத்தில் கட்டுங்கள். அல்லது சுருட்டிய துண்டில் கட்டுங்கள். நாடித்துடிப்பு காட்டினால் உடனே "போலி" என்று முடிவு செய்ய வேண்டாம். நல்ல கடிகாரங்களும் சில சமயம் இப்படி ஏமாறுவது உண்டு. ஆனால், வாழைப்பழத்துக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டினால்? அதற்கு மேல் விசாரணை தேவை இல்லை!

இரண்டாவது சோதனை: ஒருவர் உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, ஒரு நிமிடம் எண்ணட்டும். கடிகாரம் காட்டும் எண்ணையும் பாருங்கள். பிறகு அவர் மாடிப்படி ஏறி இறங்கட்டும். முடியாதவர்களை ஏறச் சொல்ல வேண்டாம். இளைஞர்கள் செய்யட்டும். இறங்கியதும் மீண்டும் எண்ணுங்கள். நாடி ஓடும்போது கடிகாரத்தின் எண்ணும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது அளக்கவில்லை.

மூன்றாவது சோதனை: வாய்விட்டு எண்ணிக்கொண்டே 100 அடி நடங்கள். கடிகாரம் எத்தனை அடி சொல்கிறது என்று பாருங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே "நடக்கிறதா" என்று தெரிந்துவிடும்.

நான்காவது சோதனை: அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே பட்டை கட்டிப் பார்க்கும் அழுத்தத்தையும், ரத்தம் எடுத்துப் பார்க்கும் சர்க்கரையையும், கடிகாரம் காட்டும் எண்களையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள். ஒருமுறை ஒத்துப்போனால் நம்பிவிட வேண்டாம். நின்றுபோன கடிகாரம்கூட நாளுக்கு இரண்டு முறை சரியான மணி காட்டும்.

ஒரே ஒரு சோதனை மட்டும் வேண்டாம். "தண்ணீர் புகாது" என்ற விளம்பரத்தை நம்பி வாளியில் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் புகுந்த கடிகாரத்தைச் சார்ஜ் போடுவது ஆபத்து.

இரண்டு பக்க ஆபத்து

"பொழுதுபோக்குக்குத்தானே கட்டுகிறோம், இதில் என்ன கெட்டுப்போகும்?" என்று சிலர் கேட்கலாம்.

ரத்தக் கொதிப்பு சத்தம் போடாத நோய். பல பேருக்கு வலி இருக்காது. அறிகுறியும் இருக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். உண்மையில் 170 இருக்கும்போது கடிகாரம் 120 என்று காட்டினால், "நமக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று ஒருவர் மாத்திரையை நிறுத்துவார். அதன் விளைவு பக்கவாதமாக இருக்கலாம். மாரடைப்பாக இருக்கலாம்.

சர்க்கரையில் ஆபத்து இன்னும் வேகமானது. இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டினால், இன்சுலின் போட்டுக்கொள்பவர் அளவைக் கூட்டிவிடுவார். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழுவார். நேரத்தில் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இது நாலு பேர் பிரச்சினை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவ்வளவு பேரின் பயம்தான் போலி வியாபாரியின் முதலீடு.

1961-ம் ஆண்டு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில், கைக்கடிகாரத்துக்கு வேலை ஒன்றுதான். மணி காட்டினால் போதும். அன்று போலிக் கடிகாரம் வாங்கியவருக்குப் பஸ் தவறியது. இன்று வாங்குபவருக்கு உயிரே தவறலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கடிகாரத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் அல்ல. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் வாங்கி அனுப்புகிறார்கள். "அப்பா, இதைக் கட்டிக்கொள்ளுங்கள். தினமும் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அன்பில் குறை இல்லை. பொருளில்தான் குறை.

அதே பணத்துடன் சிறிது கூடுதலாகப் போட்டால், புஜத்தில் பட்டை கட்டிப் பார்க்கும் நல்ல மின்னணுக் கருவியே கிடைக்கும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியும் எட்டாத விலை அல்ல. அதற்கும் வழி இல்லாதவர்கள் அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே இரண்டையும் இலவசமாகப் பார்ப்பார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கியது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்மார்ட் வாட்ச் விற்க, இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு செய்வது கட்டாயம். "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை ஆகியவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டி, முகவரி இல்லாத மொட்டைக் கடிதம் போன்றது.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

அரசு செய்ய வேண்டியது

நம் நாட்டில் 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ரத்த அழுத்தம் அளக்கும் கருவிக்கு ஒரு சட்டம், அதையே அளப்பதாகச் சொல்லும் கடிகாரத்துக்குச் சலுகை என்று இருக்கலாமா?

"இது மருத்துவக் கருவி அல்ல" என்று பெட்டியின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் அச்சடிக்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் "சர்க்கரை அளக்கும்" என்று கொட்டை எழுத்து! இந்த இரட்டை நாக்கை அதிகாரிகள் அடக்க வேண்டும். ஆன்லைன் வியாபார நிறுவனங்களும் "விற்பவர் வேறு, நாங்கள் வேறு" என்று கையை விரிக்கக் கூடாது. சர்க்கரை காட்டும் என்று சொல்லும் கடிகாரங்களைத் தங்கள் பட்டியலில் இருந்தே நீக்க வேண்டும்.

கையில் இருக்கும் கடிகாரத்தைத் தூக்கி எறிய வேண்டியது இல்லை. மணி பார்க்கட்டும். போன் வந்தால் தெரிந்துகொள்ளட்டும். பேரனுக்கு விளையாட்டுக் காட்டட்டும்.

வெளுத்தது எல்லாம் பால் அல்ல. திரையில் வருவது எல்லாம் அளவும் அல்ல. அதைப் பார்த்து ஒரு மாத்திரையைக்கூட கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.