ஒரு கரையின் கண்ணீர் மட்டும் வரலாறு ஆகாது



தரம் 11 வரலாற்றில் அமெரிக்க சுதந்திரப் போராட்டம் வருகிறது. 1773 பொஸ்டன் தேயிலை, 1776 ஜூலை 4 பிரகடனம் என்று பாடமாக்கிக் கொடுத்துவிட்டு, "பரீட்சைக்கு வரும்" என்று முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் புள்ளி கிடைக்கிறது, வரலாறு கிடைப்பதில்லை.

மனிதர் எல்லோரும் சமம் என்று அந்தப் பிரகடனத்தில் எழுதிய தோமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். பிரித்தானியா போட்ட வரி அவர்களுக்கு வலித்தது. தங்கள் தோட்டத்தில் வேலை செய்த அடிமையின் வலி தெரியவில்லை. அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1865 ஆனது. 1838இல் செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தனக்கு அநியாயம் நடந்ததென்று குமுறுபவனே பக்கத்தில் இருப்பவனுக்கு நடக்கும் அநியாயத்தைக் காணாமல் போகலாம். அந்தப் பாடத்தில் நாம் படிக்க வேண்டியது இதைத்தான்.

இந்தக் குருட்டுத்தனம் நம் வாவியின் இரு கரையிலும் இருக்கிறது.

1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடி. மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தப் படங்களைப் பகிர்கிறோம், துஆச் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்த மாதம் 9ஆம் திகதி? 1990இல் அன்றைக்குத்தான் சத்துருக்கொண்டானில் குழந்தைகள், பெண்கள் உட்பட 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனை. அங்கே முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீதும் குற்றச்சாட்டு இருக்கிறது. இதை எத்தனை வகுப்பில் வாய்திறந்து சொன்னோம்?

படுவான்கரைச் சொந்தங்களிடமும் அதே கேள்வி. 1991 ஜூன் 12 மகிழடித்தீவை நீங்கள் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. பழுகாமத்தில் ஓ/எல் எழுதும் பிள்ளைக்கு மீரா பள்ளிவாசலில் நடந்தது தெரியுமா?

"கொன்றவனையும் புரிந்துகொள்ளச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். புரிந்துகொள்வது மன்னிப்பு ஆகாது. குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும், உண்மை வெளிவர வேண்டும். ஆனால் பள்ளிவாசலில் சுட்டது புலிகள்; பழுகாமத்துப் பிள்ளையின் அம்மம்மா சுடவில்லை. சத்துருக்கொண்டானுக்குக் காத்தான்குடிப் பிள்ளையின் உம்மும்மா பொறுப்பில்லை. இந்த வித்தியாசத்தைக் கூடப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டாவிட்டால் நாம் கற்பிப்பது வரலாறு இல்லை, பகை.

தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொது. வயலும் மாடும் வியாபாரமும் நம்மைக் கட்டிவைத்தன. வெறுப்பு இருந்தாலும் நீதி தவறக்கூடாது என்பது முஸ்லிம்களாகிய நமக்கு மார்க்கக் கட்டளை. அதனால் முதல் அடியை நாமே வைப்போம். வரும் ஆகஸ்டில் காத்தான்குடியைச் சொல்லும் வகுப்பிலேயே சத்துருக்கொண்டானையும் சொல்வோம். அக்கரை ஆசிரியர்களும் இதையே செய்யட்டும்.

ஜெபர்சனின் குறையைச் சொல்ல நமக்குத் தைரியம் தேவையில்லை, அவர் தூரத்தில் இருக்கிறார். நம் குறையைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும்.