பன்னிரு பணிப்பெண்கள்

கிரேக்கப் பெருங்காப்பியமாகிய ஒடிசியைக் கற்றோர் பெனெலோப்பியின் பொறுமையை வியவாதிரார். திரோய்ப் போரிற் பத்தாண்டும் கடலலைவிற் பத்தாண்டுமாகக் கணவன் பிரிந்திருக்க, மாமனுக்கெனப் பகலில் நெய்த ஈமப் போர்வையை இரவிற் பிரித்து, மணம் நாடி வந்தோரை ஏய்த்தாள் அவள். ஆயின், இருபத்திரண்டாம் காண்டத்திலே தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களை நம்முள் எத்தனைபேர் நினைவிற் கொண்டுள்ளோம்?

கனடா நாட்டு எழுத்தாளர் மார்கிரட் அற்வூட் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'பெனெலோப்பியட்' என்னும் நாவல் அவர்களையே நம்முன் நிறுத்துகின்றது. இறந்தபின் கீழுலகிலிருந்து பெனெலோப்பி தன் கதையைத் தானே கூறுகின்றாள். இடையிடையே அப்பன்னிருவரும் கூட்டுக்குரலாய்ப் பாடியும் நடித்தும் நியாயம் கேட்கின்றனர். அந்த ஆடவருடன் அவர்கள் பழகியது அரசியின் ஏவலால் வேவு பார்ப்பதற்கே என்கின்றார் ஆசிரியர்.

ஹோமர் கூறாததை ஏற்றிக் கூறுதல் முறையோ எனச் சிலர் கடிந்துரைப்பர். வேவுக் கதை கற்பனையே. ஆனால் வினா கற்பனையன்று. அக்காண்டத்தின் தொடக்கத்தில், பணிப்பெண்களை வலிந்து கூடினீர் என ஒடிசியஸே அவ்வாடவர்மீது குற்றஞ்சாட்டுகின்றான். அதன் இறுதிப் பகுதியிலோ, அப்பெண்களைக் கொண்டே பிணங்களை அகற்றுவித்துக் குருதியைக் கழுவுவித்து, பின் அவர்களை வாளுக்கிரையாக்குமாறு மகனைப் பணிக்கின்றான். வாட்சாவு அவர்க்குத் தகாதென மகன் கயிற்றைத் தேர்கின்றான். அவருட் சிலர் விரும்பியே சென்றதையும் காப்பியம் மறைக்கவில்லை. எனினும், அடிமைப்பெண்ணுக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது? அவர்களை வலையிற்பட்ட பறவைகளுக்கு உவமித்த ஹோமரின் உள்ளமும் இரங்கியே இருத்தல் வேண்டும்.

பெருங்காப்பியத்தை வினாவுதல் அதனை இகழ்தலாகாது. கிரேக்கரே இதனை அறிந்திருந்தனர். கி. மு. 415இல் யூரிப்பிடீஸ் என்னும் நாடகாசிரியர், தோற்ற திரோய் நகர்ப் பெண்டிரின் அவலத்தை அதேன்ஸ் நகர மக்கள் முன்னிலையில் மேடையேற்றினார். அற்வூட் அம்மையார் சென்றதும் அவ்வழியே. நகையாட்டு மிகுந்து அவலம் சிலவிடத்து மெலிவதே அவர் நூலில் நாம் காணும் குறை.

மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: நாவலை மட்டும் படித்து ஹோமரைப் பழித்தல் வேண்டா; ஹோமரை மட்டும் படித்து நாவலை ஒதுக்குதலும் வேண்டா. நாவலை முடித்தபின் இருபத்திரண்டாம் காண்டத்தை மீண்டும் விரித்துப் படியுங்கள். முன்பு விரைந்து கடந்த அவ்வடிகளை இம்முறை அவ்வாறு கடத்தல் இயலாது.